பெரியம்மா வீட்டுக்குப் போனவள்

அந்த சீரியலில் மூன்று மகள்கள். மூத்தவள் அழுவாள், இளையவள் சண்டை போடுவாள், கதை அந்த இரண்டு பேரை வைத்துத்தான் ஓடியது. நடுவில் ஒருத்தி இருந்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் காபித் தட்டோடு அடுக்களையிலிருந்து வருவாள், கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வாள். எல்லோரும் ஒன்றாக அதிர்ச்சியடையும்போது கேமரா ஒவ்வொரு முகமாகப் போகுமே, அப்போது அவள் முகத்துக்கும் ஒரு நொடி கிடைக்கும். சீரியலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை, அந்தப் பெயரால் நான் பட்ட பாடு போதும். நடுமகள் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் அவளைக் காணவில்லை. அடுத்த வாரமும் காணவில்லை. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி யதேச்சையாகக் கேட்க, அம்மாக்காரி கீரை ஆய்ந்துகொண்டே, “அவ பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூத்தவளுக்கு வளைகாப்பு நடந்தது, இளையவள் ஜெயிலுக்குப் போய்த் திரும்பினாள், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஐசியூவில் கிடந்தார். நடுமகள் எதற்கும் வரவில்லை. எந்தப் பெரியம்மா, எந்த ஊர், பெற்ற அப்பன் சாகக் கிடக்கும்போதுகூட வர முடியாத அளவுக்கு அங்கே அப்படி என்ன வேலை என்று அந்த வீட்டில் ஒரு ஆள் வாயைத் திறந்து கேட்கவில்லை.

நடித்த பெண்ணுக்கு வேறு நல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கும், போயிருப்பாள். அது எனக்கும் புரியும். இப்படி யாராவது போய்விட்டால் வேறொரு நடிகையைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையின் கீழே ஒரு வரி போடுவது வழக்கம். நாமும் இரண்டு நாள் முனகிவிட்டுப் புது முகத்துக்குப் பழகிக்கொள்வோம். நடுமகளுக்கு அந்த மரியாதைகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு சீரியலுக்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா இருந்தவரை அந்த சீரியல் எங்கள் இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்று. அம்மா போன பிறகும் அந்த நேரத்துக்கு டிவியைப் போட்டுவிடுவேன். தனியாகச் சாப்பிடும்போது நாம் மெல்லும் சத்தம் நமக்கே கேட்கும், அது எனக்குப் பிடிக்காது. அண்ணன் குடும்பத்தோடு புனேயில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேசுவான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் கிடையாது. பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள். என்னைப் பார்த்ததும், “என்ன, சுகமா இருக்கியா?” என்பார்கள். “சுகந்தான்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிடுவேன்.

செல்போனில் கதை படிக்கும் செயலி ஒன்றை அலுவலகத்தில் யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் சீரியல் ரசிகர்கள் தாங்களே எழுதும் கதைகள் குவிந்து கிடந்தன. சீரியலில் சேராத ஜோடியை இங்கே சேர்த்து வைப்பார்கள், அங்கே செத்தவரை இங்கே பிழைக்க வைப்பார்கள். இதற்கு எஃப்.எஃப். என்று பெயர். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு எபி. எழுதுகிறவர், படிக்கிறவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் சிஸ். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவருக்கு சைலண்ட் ரீடர் என்று ஒரு பட்டம். பல மாதம் நான் அந்தப் பட்டத்தோடு இருந்தவள்தான். நடுமகள் பெரியம்மா வீட்டுக்குப் போய் வெகுநாள் ஆனதும் பொறுக்க முடியாமல் நானே எழுத ஆரம்பித்தேன்.

பெரியம்மா வீடு திருநெல்வேலியில் என்று வைத்தேன். எனக்கு வேறு ஊர் தெரியாது. அவள் ஜங்ஷனில் இறங்குகிறாள், பாளையங்கோட்டைக்கு பஸ் பிடிக்கிறாள், வந்து பார்த்தால் பெரியம்மா எப்போதோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறாள். பெரியம்மாவை எழுத எனக்கு இஷ்டமில்லை. நடுமகளுக்கு ஒரு மாடி வீடு பிடித்துக் கொடுத்தேன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் கொடுக்கிற வேலை கொடுத்தேன். மழைக்கு ஒழுகுகிற இடத்தில் அவள் வைக்கிற வாளி என் வீட்டு வாளி. கம்பி விட்டுப்போன இடத்தில் சிவப்பு நூலால் தைத்த குடை என்னுடைய குடை. சனிக்கிழமை சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போய் மருத மரத்தடியில் கிடக்கிற ஒரு கல்லில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பது என் வழக்கம். அதையும் அவளுக்குக் கொடுத்தேன்.

அதற்கு முன்னால் நான் எழுதிப் பார்க்காமல் இல்லை. ‘ஒரு பெண் இருந்தாள்’ என்று தொடங்குவேன். எந்தப் பெண், அவள் இருந்தால் யாருக்கு என்ன, இல்லாவிட்டால் யாருக்கு என்ன என்று எனக்கே கேட்கத் தோன்றும். அதோடு கதை நின்றுவிடும். நடுமகள் விஷயத்தில் அந்தத் தொல்லை இல்லை. அவள் இல்லாமல் போனதில் எனக்குக் கோபம் இருந்தது, என்னைப் போல இன்னும் சில பேருக்கும் இருந்தது. யாரோ பெற்ற பிள்ளைக்கு நான் தலைசீவி விடுகிறேன் என்று கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். யாராவது சீவித்தானே விட வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி எழுதச் சொன்னால் நாலு வரி தேறாது, அதற்கே கூச்சமாக இருக்கும். அவளைப் பற்றி என்றால் பக்கம் பக்கமாக வந்தது. என் சமையல், என் தலைவலி, என் பஸ், மேசைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பாராமல் கையை மட்டும் நீட்டுவது எல்லாவற்றையும் அவள் பெயரில் எழுதினேன். அது என்னுடையது என்று யாருக்கும் தெரியாது என்ற தைரியந்தான் என்னை எழுத வைத்தது.

படிக்க ஆள் வந்தார்கள். முதலில் கைவிரல் விட்டு எண்ணும்படி, பிறகு நான் நம்ப முடியாத அளவுக்கு. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அன்றைய கமெண்டுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். “சூப்பர் சிஸ்”, “அழுதுட்டேன் சிஸ்”, “நாளைக்கு எபி உண்டா சிஸ்?” அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசிய வார்த்தைகளைவிட அதிகமாக அதில் இருக்கும். மறுநாள் எதை எழுதுவது என்று சாப்பாட்டு இடைவேளையில் யோசிப்பேன். எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே நடையை மாற்றிவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சுகத்தில்தான் கெடுதலும் இருந்தது. “ஹீரோ எப்போ வருவார் சிஸ்?” என்று ஆரம்பித்தார்கள். எனக்கு ஹீரோ வேண்டியிருக்கவில்லை. ஆனால் கமெண்ட் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே ஒரு வங்கி மேலாளரைக் கொண்டுவந்தேன். அவரும் நல்ல மனுஷன்தான், சட்டையை ஒழுங்காக இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். அவர் வந்து நின்ற நாளிலிருந்து நடுமகள் வாயில் என் பேச்சு வரவே இல்லை, எங்கோ கேட்ட வசனமாகவே வந்தது. எத்தனை பேர் கைதட்டினார்களோ அத்தனை மோசமாக எழுதினேன். கடைசியில் எரிச்சல் தாங்காமல் அவரைத் தருமபுரிக்கு மாற்றல் செய்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒரு கமெண்ட் இருந்தது. “எக்கா, மேனேஜரத் தருமபுரிக்கு மாத்திட்டீங்க, சரி. ஒரு போன்கூடவா போட மாட்டாரு? அவளப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புனவங்க செஞ்சதத்தான நீங்களும் செய்யுதீங்க?”

எழுதியவள் படத்துக்குப் பதிலாக ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் சிஸ் என்கிற இடத்தில் இவள் ஒருத்திதான் எக்கா என்பாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எங்கள் பக்கத்துக்காரி என்று தெரிந்தது. ஸ்ரீவைகுண்டம் என்று ஒரு நாள் அவளே எழுதினாள். “எங்க வீட்டுக்காரர் வாழைத்தார் லோடு ஏத்திக்கிட்டு கேரளா போயிருவாக. மாமியாருக்குக் காது கேக்காது. நான் யார்ட்ட போய் பேச? அதான் இங்கன வந்து எழுதுதேன், தப்பா நினைக்காதீங்க.” அவள் கேட்பதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். நடுமகள் இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள், வாளி நிறைந்ததும் தண்ணீரை எங்கே கொட்டினாள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயில் மணிச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் கலையாதா என்று கேட்பாள். பிறகு நான் எழுதும்போதே இவள் இதைக் கேட்பாளே என்று நினைத்துக் குழம்பையும் எழுதிவிடுவேன். மேலாளர் போன பிறகு கதை மறுபடியும் உருப்பட்டது இவளால்தான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது, அதை நான் திட்டமிடவில்லை. சீரியலில் நடுமகள் எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு பொதுப் பேச்சுத்தான் பேசுவாள். என் கதையில் அவள் பைய எங்களைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டாள். அங்கன, இங்கன என்றாள். “என்ன செய்யுதீங்க?” என்றாள். “ஹீரோயின் ஏன் சிஸ் திருநெல்வேலி பாஷை பேசுறாங்க? செட் ஆகல” என்று ஒருவர் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே தண்ணீர் குடிக்கிறாள், பேசாமல் என்ன செய்வாள் என்று சிரிக்கும் பொம்மை ஒன்றைச் சேர்த்துப் பதில் போட்டேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. இரவல் வாங்கி வந்தவள் எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு போன் வந்தது, பீரோ சாவியை எங்கே வைத்தாய் என்று. சொன்னேன், போனை வைத்துவிட்டார்கள். கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்கார்ந்து செயலியைத் திறந்தால் கமெண்டுகள் நிறைந்து கிடந்தன. “சிஸ், எங்க ஆளையே காணோம்? நீங்களும் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டீங்களா?” படித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நான் காணாமல் போனதைக் கவனித்தவர்கள் இவர்கள் மட்டுந்தான், இவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

செம்பருத்திக்காரி தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “எக்கா, ஒடம்புக்குச் சரியில்லியா? தனியாவா இருக்கீங்க? யாரு கஞ்சி வச்சுத் தருவா? கதைய வச்சுப் பாத்தா உங்களுக்கும் பாளையங்கோட்டைதான். எங்கன இருக்கீங்கன்னு சொல்லுங்க, பஸ் ஏறி வந்துருதேன்.” என் தெருப் பெயரை அடித்தேன். அழித்தேன். வந்து பார்த்தால் நடுமகள் வீடு இருக்கும், நடுமகள் இருக்க மாட்டாள், மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு நாற்பது வயதுக்காரி இருப்பாள். அவளுக்கு ஏமாற்றமாகிவிடும் என்று பயமாக இருந்தது. “இப்ப பரவாயில்லை” என்று மட்டும் பதில் போட்டேன்.

கார்த்திகை பிறந்த சமயத்தில் சீரியல்காரர்கள் நடுமகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. குதிகால் செருப்பு, கறுப்புக் கண்ணாடி, பின்னால் பயங்கரமான இசை. கண்ணாடியைக் கழற்றினால் யாரோ ஒரு பெண். திரையின் கீழே அந்த வரி வந்தது: இவருக்குப் பதில் இவர். பெரியம்மா வீட்டில் சொத்துச் சேர்த்துக்கொண்டு அக்கா தங்கையைப் பழிவாங்க வந்திருக்கிறாளாம். அப்பாவைப் பார்த்து, “என்னைய ஒரு நாளாவது தேடுனீங்களா?” என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கேள்வியை நான் அவளுக்காக எத்தனையோ எபிகளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் ஆற்றங்கரையில் அவள் யாரிடமோ மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண் காரிலிருந்து இறங்கிய கையோடு கத்தித் தீர்த்துவிட்டாள்.

வாடகை வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும், சுவரில் என்ன வண்ணம் அடித்தாலும், வீட்டுக்காரன் வந்து நின்றால் நாம் எழுந்துதான் ஆக வேண்டும். படிக்கிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. “சிஸ், இப்ப உங்க கதை படிச்சா மிக்ஸ் ஆகுது.” “சிஸ், அவங்க வில்லி ஆயிட்டாங்க, நீங்களும் அப்படி மாத்துங்களேன், செமயா இருக்கும்.” இரண்டு மூன்று எபி போட்டுப் பார்த்தேன். நான் டோக்கன் கொடுக்கும் பெண்ணை எழுதுகிறேன், அவர்கள் கறுப்புக் கண்ணாடியைப் பார்க்கிறார்கள். கூட்டம் மளமளவென்று கலைந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் செல்போனை எடுப்பேன், ஒன்றும் இருக்காது, பையில் போட்டுக்கொண்டு நடப்பேன்.

எஃப்.எஃப். எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதை நன்றாக வந்துவிட்டால் சீரியல் பெயர்களை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டுப் புத்தகமாக்கிவிடுவார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. டவுனில் சின்ன அச்சகம் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரை அலுவலக வேலையாகப் போய்வந்து தெரியும். கல்யாணப் பத்திரிகை, படிவங்கள் என்று அடிப்பார், ஆசைக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு நாவலும் போடுவார். கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். “பேர மாத்திக் கொண்டாங்கம்மா, பாப்போம். நம்ம ஊர்க் கதைங்கீங்க, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு” என்றார்.

கணினியில் பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதுப் பெயர் இன்னொரு கட்டத்தில். ஒரு பொத்தானை அமுக்கியதும் கதை முழுக்க மாறிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. இனி இவள் என் பிள்ளை, யாரும் காரில் வந்து இவளைப் பறித்துக்கொண்டு போக முடியாது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது அண்ணாச்சி தாள்களை மேசையில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நல்லா எழுதுதீங்கம்மா. பொய் சொல்லல. அந்த மாடி வீடு, ஒழுகுத எடத்துல வாளிய வைக்கா, ஆத்தங்கரையில போயி உக்காருதா, எல்லாம் கண்ணுல நிக்கு. ஆனா இந்தப் பிள்ள மட்டும் நிக்க மாட்டேங்கா. ஆளு கறுப்பா, செவப்பா? நெட்டையா, குட்டையா? வீட்டுல என்ன குறைன்னு ரயிலேறி வாறா? ஒண்ணுமே சொல்லலியே.”

“அது எல்லாருக்கும் தெரியுமே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

“எல்லாருக்கும்னா யாருக்கும்மா? நான் சீரியல் பாக்குததில்ல.”

அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. நான் தாள்களை வாங்கிக்கொண்டு வந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தேடினேன். அவர் சொன்னது சரிதான். நடுமகள் முகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுத வேண்டியிருக்கவில்லையே. ‘அவள் திரும்பிப் பார்த்தாள்’ என்று நான் எழுதினால் போதும், படிக்கிற ஒவ்வொருவர் மனசிலும் அந்த நடிகை திரும்பிப் பார்ப்பாள். ஏன் வீட்டைவிட்டு வந்தாள் என்பதையும் எழுதவில்லை, அந்தக் கோபத்தை அவர்கள் டிவியிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். பாதிச் சமையலை யாரோ முடித்து வைத்திருக்க, நான் தாளித்துக் கொட்டிவிட்டு என் குழம்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பெயரை எடுத்ததும் முகமும் கூடவே போய்விட்டது. மாடி வீடு, வாளி, குடை, ஆறு எல்லாம் இருக்கின்றன, நடுவில் ஆள் இல்லை.

சரி, ஒரு முகத்தை எழுதினால் ஆயிற்று என்று உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் பழைய நடிகை வந்தாள். அவளைத் துரத்தினால் கறுப்புக் கண்ணாடிக்காரி வந்தாள். தெரிந்த யாருடைய முகத்தையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பக்கத்து மேசைக்காரிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று எனக்கு நினைவில்லை. கோயிலில் வாராவாரம் என் வரிசையில் உட்காருகிறவளின் கண் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. ஒரு முகத்தை எழுத வேண்டுமானால் அதைக் கொஞ்ச நேரமாவது உற்றுப் பார்த்திருக்க வேண்டும். அம்மா படுக்கையில் கிடந்தபோது அம்மா முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. அது தெரிந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தாள்களைக் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். சாயங்காலங்கள் மறுபடியும் நீளமாகிவிட்டன.

பொங்கல் கழிந்து செம்பருத்திக்காரியிடமிருந்து செய்தி வந்தது. “எக்கா, டிவியில வாறவ அவ இல்ல. எனக்குத் தெரியும். அவ எங்கயும் போவல, குறுக்குத்துறையிலதான் இருப்பா. எங்க நாத்தனா வீடு டவுன்லதான் இருக்கு. வாற சனிக்கிழம சாயங்காலம் அந்தக் கல்லுல கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி.”

பதில் போடவில்லை. என்ன போடுவது? நான் இத்தனை காலமும் ஒளிந்துகொள்ள நடுமகள் இருந்தாள். இப்போது அவளும் இல்லாமல் போய் நிற்க வேண்டும். போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை வரை உறுதியாக இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மாவின் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செம்பருத்திக்காரி தனியாக உட்கார்ந்துவிட்டுத் தனியாகவே எழுந்து போவாள் என்ற நினைப்பு வந்ததும் இருப்புக்கொள்ளவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் குளிக்கிறவர்கள் குளித்தார்கள், துவைக்கிறவர்கள் துவைத்தார்கள். மருத மரத்தடிக் கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வயர்க்கூடை, கூடைக்கு வெளியே ஒரு கட்டுப் பனங்கிழங்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான் மரத்துக்கு இந்தப் பக்கமே நின்று அவளைப் பார்த்தேன். மாநிறம். நெற்றி கொஞ்சம் ஏறின நெற்றி, எண்ணெய் வைத்து இறுக்கிச் சீவியிருந்தாள். இடது கன்னத்தில் சின்னதாக ஒரு தழும்பு. வெயில் கண்ணில் பட்டால் ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாள். என்னைவிட எப்படியும் பத்து வயது சின்னவளாக இருப்பாள். யாரையோ எதிர்பார்ப்பவள் போலவும் இல்லை, யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு செய்தவள் போலவும் இல்லை. இத்தனை நேரம் ஒருத்தியை நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றும் இருந்தது. அவள் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். முதலில் என் குடையைப் பார்த்தாள், சிவப்பு நூல் தைத்த இடத்தைப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊர் தெரியாதவள் போலக் கேட்டாள்.

“இங்கன ஒரு பிள்ள வந்து உக்காருமே, இன்னைக்கு எங்க காணோம்?”

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். நான்தான் அது என்று சொல்ல வேண்டும், பதில் போடாததற்கு ஏதாவது சொல்ல வேண்டும், முகம் எழுத வராமல் நடுமகளைக் கைவிட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது.

“பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எந்தச் சொல்லுக்காக நான் ஆத்திரப்பட்டு எழுத உட்கார்ந்தேனோ அதையே சொல்லி நானும் நடுமகளை அனுப்பிவைத்துவிட்டேன். நல்லவேளையாகச் செம்பருத்திக்காரி சிரிக்கவில்லை. வயர்க்கூடையைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

“சரி, அவ வாறப்ப வரட்டும். நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவள் ஒரு பனங்கிழங்கை எடுத்து நாரை உரித்து முறித்துப் பாதியை என் கையில் கொடுத்தாள். தன் பாதியைத் தின்னாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், புது இடத்துக்கு வந்தவர்கள் பார்ப்பார்களே, அப்படி மெதுவாக, நெற்றியிலிருந்து ஆரம்பித்து.

“எக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. இம்புட்டு நாளும் உங்களுக்குன்னு ஒரு மொகம் இருக்கும்னு நான் நினைச்சுப் பாக்கவே இல்ல.”

எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.